சின்னவர் கழுத்தில் இருந்தது

உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்தில் அணுமின் நிலையம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். குழாய் வெட்டுகிறவர், பற்றவைக்கிறவர், சாரம் கட்டுகிறவர், குழாய்மேல் சுற்றிய வெப்பக் காப்பைப் பிரித்து எடுக்கிறவர் என்று ஆளுக்கொரு வேலை. உடுப்பு மட்டும் எல்லாருக்கும் ஒரே ஓவரால் என்பதால், யார் பெரிய ஆள், யார் சின்ன ஆள் என்று சட்டென்று பிடிபடாது. கண்காணிப்பு வாரியத்திலிருந்து ஆய்வாளர்கள் வருவதும் அந்தச் சமயம் பார்த்துத்தான்.

இந்த முறை வந்த பெண்மணிக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் இருந்தது. கண்கொத்தி. யாரோ கேன்டீனில் வைத்த பெயர். அது காதுக்கு எட்டியபோது அவர் கோபப்படவில்லை. வேறொரு நிலையத்தில் வைத்த பெயருக்கு இது எவ்வளவோ தேவலை என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். அது என்ன பெயர் என்று அவர் கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வந்த இடத்தில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டு உட்காருகிற பழக்கம் ஆய்வாளருக்குக் கிடையாது. கோப்புகள் எப்போதும் சமர்த்தாகத்தான் இருக்கும். ஆட்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் விஷயம் என்பார். அதனால் முதல் நாள் பகல் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், கட்டுப்பாட்டுப் பகுதியின் வெளிவாசலில் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டார். உள்ளே வேலை பார்த்தவர்கள் ஓவராலைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளாடையோடு வரிசையில் வந்தார்கள். வாசலில் ஆளுயரக் கூண்டு போல ஒரு மானிட்டர். அதற்குள் ஏறி, இரண்டு பக்கத் துளைகளிலும் கையை விட்டு, மார்பைத் தகட்டில் ஒட்டி நிற்க வேண்டும். உடம்பில் கதிர்வீச்சுத் தூசு ஒட்டியிருக்கிறதா என்று அது அளக்கும். இல்லையென்றால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். இருந்தால் ஊரைக் கூட்டிவிடும்.

மானிட்டர் பக்கத்தில் நின்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தவரை எல்லோரும் பெரியவர் என்று அழைத்தார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவின் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். ஐம்பதை நெருங்கும் வயது. வாரிவிட்ட தலைமுடி, பிசகாத குரல். தம்பியும் அங்கேயே வெப்பக் காப்பு பிரிக்கும் வேலையில் இருந்ததால் அவர் சின்னவர் ஆகிவிட்டார். சின்னவர் ஒருவர் இருந்ததால் இவர் பெரியவர்.

வரிசையில் முக்கால்வாசிப் பேர் போன பிறகு சின்னவர் ஏறினார். மானிட்டர் அலறியது. பெரியவர் நிதானமாகச் சத்தத்தை நிறுத்தி, கைக்கருவியை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையிலும் பாதத்திலும் ஒரு தடவு தடவி, “சரி, போ” என்றார். பக்கவாட்டுக் கதவு வழியாகச் சின்னவர் வெளியேறப் போனார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் ஆய்வாளர், தூணிலிருந்து நகர்ந்து.

பெரியவருக்கு முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டார். “மெஷின் பழசு மேடம். சும்மா சும்மா கத்தும்.”

ஆய்வாளர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே கூண்டில் ஏறி நின்றார். பச்சை எரிந்தது. இறங்கி, வரிசையில் அடுத்து நின்ற சாரம் கட்டுகிறவரை ஏறச் சொன்னார். அதுவும் பச்சை.

“எங்க ரெண்டு பேருக்கும் கத்தலையே.”

சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி நடந்தது. சின்னவரைக் குளிக்கச் சொன்னார்கள். குளித்துவிட்டு வந்து ஏறினார்; அலறியது. மறுபடி குளித்தார், மறுபடியும் அலறியது. தோலில் ஒட்டிய தூசாக இருந்தால் இந்த நேரம் சாக்கடைக்குப் போயிருக்க வேண்டும். ஆக, அது உடம்புக்குள் இருக்கிறது. நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் வாயில் சவ்வு மிட்டாயோடு ஓடி வந்தார். சின்னவரை உடல் அளவீட்டு அறைக்குக் கூட்டிப்போய், சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்துக்கு நேரே கருவியைத் திருப்பினார்கள்.

ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் ஒரு முகடு காட்டும் திரையில், ஒரே ஒரு முகடு எழுந்தது. அதைப் பார்த்ததும் அதிகாரி மிட்டாயை மெல்வதை நிறுத்தினார்.

“ஐயோடின்,” என்றார், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்வது போல.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. கதிரியக்க ஐயோடின் மூச்சோடு உள்ளே போனால் கழுத்துச் சுரப்பியில் போய்க் குடியேறிவிடும். உலைக்குள் அது எரிபொருள் உறைக்குள்தான் அடைபட்டுக் கிடக்க வேண்டும். ஒரு தொழிலாளியின் கழுத்தில் அது இருக்கிறது என்றால், எங்கோ உறை கிழிந்து காற்றில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காற்றைத்தான் அன்றைக்கு உள்ளே இருந்த அத்தனை பேரும் சுவாசித்திருப்பார்கள்.

வேலை நின்றது. ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் வெளியே வரச் சொன்னார்கள். கேன்டீனில் ஆட்கள் கும்பல் கும்பலாக உட்கார்ந்து தத்தம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். சின்னவரோடு ஒரே குழுவில் வேலை பார்த்தவர்களை முதலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒருவர் கழுத்திலும் ஒன்றும் இல்லை. காற்று மாதிரிகளை எடுத்து அளந்தார்கள். அதிலும் இல்லை.

ஆய்வாளர் சின்னவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

“மாஸ்க் எப்பவாவது கழட்டினீங்களா?”

“இல்ல மேடம்.”

“வேற எங்கயாவது தனியா போனீங்களா?”

“இல்ல.”

“அப்ப இது எப்படி வந்துச்சு?”

“தெரியல.”

பொய் சொல்கிறவர்கள் சாதாரணமாக நிறையப் பேசுவார்கள். இவர் ஒற்றைச் சொல்லுக்கு மேல் செலவழிக்கவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. வெளியே நூற்றுக்கணக்கான பேர் வேலையை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர் சொன்னபோது மட்டும் விரல் காய்ப்பை நகத்தால் சுரண்டினார்.

அவரைவிட அதிகம் கலங்கிப் போயிருந்தவர் பெரியவர்தான். நடைபாதையில் ஆய்வாளரை மறித்து நின்றார்.

“மேடம், அவனை ஒண்ணும் கேக்காதீங்க. தப்பு என்னோடது.”

“சொல்லுங்க.”

“போன வாரம் அவனுக்கு மாஸ்க் எடுத்துக் கொடுத்தது நான்தான். ஐயோடினுக்குக் கரி ஃபில்டர் போடணும். அவசரத்துல தூசு ஃபில்டரைக் கொடுத்துட்டேனோன்னு ஒரு சந்தேகம். அன்னைக்கு மறுநாள்தான் முதல் தடவை கத்துச்சு. கைக்கருவியை வச்சுப் பாத்தேன், கழுத்துலதான் காட்டுச்சு. எனக்குக் கை கால் ஓடல.”

“அப்புறம்?”

“அப்புறம் தினமும் கத்துது. நான் விட்டுட்டேன்.”

“எத்தனை நாளா?”

“அஞ்சாறு நாளா. வீட்டுல புள்ளைங்க பக்கத்துல படுக்காதேன்னு மட்டும் அவன்கிட்ட சொன்னேன். காரணம் சொல்லல. அவனும் ஏன்னு கேக்கல.” பெரியவர் சுவரில் சாய்ந்தார். “என் கையாலயே அவனுக்கு விஷம் வச்சிட்டேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன் மேடம். சோறு இறங்கல.”

ஆய்வாளர் அவரை அன்றைக்கே வாசல் பணியிலிருந்து விலக்கச் சொன்னார். ஆறுதலாக எதையும் சொல்லவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அவர் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஐயோடின் எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரே ஒரு நாள் தவறான ஃபில்டரால் உள்ளே போனது என்றால் நாளுக்கு நாள் அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். அலாரம் அடங்கிய பாடில்லை. அதோடு, உலைக் கட்டடத்துக் காற்றை ஒருவர் சுவாசித்தால் ஐயோடின் மட்டும் தனியாகவா வரும்? கூடவே நாலைந்து கூட்டாளிகள் வருவார்கள். திரையில் எழுந்தது ஒற்றை முகடு.

“அவரை இப்ப வீட்டுக்கு அனுப்புங்க,” என்றார் அதிகாரியிடம். “காலையில வந்ததும் உள்ள போக வேண்டாம். நேரா அந்த நாற்காலியில உக்காரட்டும்.”

“உள்ள போறதுக்கு முன்னாடி யாரும் அளக்கிறதில்லையே மேடம்.”

“அதனாலதான் சொல்றேன்.”

மறுநாள் காலையில் சின்னவர் துவைத்த சட்டையோடு வந்து நாற்காலியில் சாய்ந்தார். அதிகாரி கருவியைத் திருப்பினார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நேற்று மாலையைவிட அதிகம். சட்டைக் கையிலும் விரல் இடுக்கிலும்கூடக் காட்டியது.

உலைக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்காத ஒரு மனிதனுக்கு ராவோடு ராவாக ஐயோடின் ஏறியிருக்கிறது.

ஆய்வாளர் ஒரு நாற்காலியை இழுத்துச் சின்னவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். “நேத்து இங்கேர்ந்து எங்க போனீங்க?”

சின்னவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பெரியவர் நின்றிருந்தார். பணியிலிருந்து விலக்கிய பிறகும் வந்துவிட்டிருந்தார்.

“அவரை வெளிய இருக்கச் சொல்லட்டுமா?”

“வேணாம்,” என்றார் சின்னவர். “கேக்கட்டும். இனிமே என்ன.” பிறகு அண்ணனைப் பார்க்காமல், ஆய்வாளரிடம் மட்டும் சொல்வது போலச் சொன்னார். “அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்குக் கழுத்துல கேன்சர். ஆபரேஷன் முடிஞ்சு, கதிர்வீச்சு ஐயோடின் மருந்து கொடுத்து போன வாரம்தான் அனுப்பியிருக்காங்க. கூட ஆள் இல்ல. சாயங்காலம் போய்த் துணி துவைப்பேன், பாத்திரம் கழுவுவேன். சாப்பிட முடியாம பாதி வச்சிடுது. அதை நான் சாப்பிடுவேன். வேலை இருக்குன்னு வீட்டுல சொல்லிட்டுப் போறேன்.”

பாதுகாப்பு அதிகாரிக்கு முகத்தில் வெளிச்சம் வந்தது. எரிபொருள் உறை கிழியவில்லை. தான் சிரிப்பது எவ்வளவு அசந்தர்ப்பம் என்று உறைத்ததும் அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தார். “எந்த அக்கா?” என்றார். சின்னவருக்கு இருந்தது ஒரே அக்காதான், அவள் பெரியவருக்குத் தங்கை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷனை விட்டுவிட்டு வந்தாள். அந்த மாப்பிள்ளை பெரியவரின் உயிர்ச் சிநேகிதன். பார்த்துக் கட்டி வைத்ததும் பெரியவர்தான். அவள் சொன்ன காரணத்தை அவர் காதில் வாங்கவில்லை. சிநேகிதன் பக்கம் நின்றார். என் வாசல்படி ஏறாதே என்றார். அவளும் ஏறவில்லை. வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம். சின்னவர் அந்தச் சட்டத்தை வாயளவில் காப்பாற்றினார்.

ஆய்வாளர் மருத்துவமனைக்குப் பேசி உறுதி செய்துகொண்டார். பிறகு கண்டிப்பாகச் செய்ய வேண்டிய இன்னொரு காரியம் இருந்தது. சின்னவர் அண்ணன் வீட்டில்தான் குடியிருந்தார். அங்கே குழந்தைகள் உண்டு. இரண்டு வீட்டிலும் எதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தாக வேண்டும். அண்ணன் வீட்டுக்கு நிலையத்து ஆட்களை அனுப்பினார். அக்காவிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டார்.

“மீட்டர் வச்சிருக்கிறவங்க வரட்டும்,” என்றது ஓட்டை விழுந்த மாதிரி ஒரு குரல். “வேற யாரு கூட வந்தாலும் எனக்குக் கவலையில்ல.”

பெரியவரும் கூட வரக்கூடும் என்று அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்பதை ஆய்வாளர் கேட்டுக்கொள்ளவில்லை. வழிகாட்டச் சின்னவரை அழைத்துக்கொண்டு வந்தபோது, வண்டியின் முன்சீட்டில் பெரியவர் ஏறி உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொல்ல விதியில் இடம் இருந்தது. சொல்லவில்லை.

நாலு மாடிக் குடியிருப்பில் தரைத்தளம். சின்ன வீடு, ஒரு கூடம், ஒரு படுக்கையறை. அக்கா கூடத்தின் கடைசி மூலையில், ஜன்னலோரம் போட்ட கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் குறுக்கே ஆபரேஷன் தழும்பு, சிவப்பு நூல் போல. ஆய்வாளர் கருவியோடு வேலையை ஆரம்பித்தார். படுக்கை விரிப்பு, தலையணை, குளியலறைத் துண்டு, சமையலறைத் தொட்டி. எல்லா இடத்திலும் கருவி கொறகொறவென்று பேசியது. எல்லாம் எதிர்பார்த்ததுதான். வியர்வையிலும் எச்சிலிலும் வெளிவருகிற சாமான். இன்னும் சில நாளில் தானாகவே அடங்கிவிடும்.

“அந்த ஆளு வண்டியிலயே உக்காந்திருக்கணுமா?” என்றாள் அக்கா ஜன்னல் வழியே பார்த்து. “வெயில்ல வேகப் போறாரு.”

சின்னவர் போய்ச் சொன்னார். பெரியவர் வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. ஏழு வருஷத்தில் தங்கை பாதியாகியிருந்தாள். அவருக்கும் வயிறு தள்ளியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அளந்தார்கள். கடைசியில் அவர் வாய் திறந்தது ஆய்வாளரிடம்தான்.

“ஒரு மீட்டர் தள்ளி நின்னா எவ்வளவு காட்டுது?”

“ஒரு மைல் தள்ளி நின்ன ஆளு,” என்றாள் அக்கா, “இப்ப ஒரு மீட்டருக்குக் கணக்கு கேக்குது.”

ஆய்வாளர் எண்ணைச் சொன்னார். பெரியவர் தலையசைத்தார். தொழில்காரரின் தலையசைப்பு, அது தானாக வந்தது. பிறகு அவர் பார்வை கொடியில் காய்ந்த விரிப்புகள் மேல் போயிற்று. தம்பியின் பக்கம் திரும்பினார்.

“இதையெல்லாம் வெறுங்கையாலயாடா துவைச்ச?”

“ஆமா.”

“கையுறை போட வேணாமா? பத்து வருஷமா உள்ள வேலை பாக்கிற. தனியா ஊறப்போட்டு, தனி வாளியில... அந்த மிச்சச் சோத்தைத் தின்னலாமா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா…”

“கேட்டிருந்தா?” என்றார் சின்னவர்.

ஆய்வாளர் சமையலறைத் தொட்டியை இரண்டாம் முறை அளந்தார். தேவையில்லைதான்.

பெரியவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கையை முழங்காலில் ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டு. அழுதாரா என்று ஆய்வாளருக்குத் தெரியாது, முதுகுதான் தெரிந்தது.

“எப்ப தெரிஞ்சுது உனக்கு?” என்று தங்கையிடம் கேட்டார் பெரியவர், திரும்பாமலே.

“போன வருஷம்.”

“ரொம்ப வலிச்சுதா?”

“கத்தி வச்சா வலிக்காதா?” என்றாள் அக்கா. தழும்பைத் தொட்டுப் பார்த்து, “இப்ப பரவால்ல,” என்றாள்.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில், அண்ணன் வீட்டில் ஒரு தலையணை உறையில் மட்டும் கொஞ்சம் காட்டியது என்றும் குழந்தைகள் கழுத்து சுத்தமாக இருந்தது என்றும் தகவல் வந்தது. சின்னவருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. கழுத்து அளவு அடங்கும்வரை உள்ளே வேலை கிடையாது, அவ்வளவுதான்.

பாதுகாப்பு அதிகாரி இதற்குள் உற்சாகமாகிவிட்டிருந்தார். வேலை மறுபடி தொடங்கியிருந்தது. ஆய்வாளரின் முன்னால் பழரசத்தை வைத்துவிட்டுக் கேட்டார்.

“வெளியிலேர்ந்து வந்த சமாச்சாரம்தானே மேடம். நம்ம உலை மேல ஒரு குத்தமும் இல்ல. அப்புறம் இதை எதுக்குப் பெருசா எழுதிக்கிட்டு? பெரியவரும் இருபது வருஷமா ஒரு குறைசொல் வாங்காத மனுஷன்.”

“அது வெளியிலேர்ந்து வந்ததுன்னு அவருக்குத் தெரியாது,” என்றார் ஆய்வாளர். “உள்ளேர்ந்து வந்ததுன்னு நம்பித்தான் கதவைத் திறந்து விட்டாரு. நிஜமாவே உறை கிழிஞ்சிருந்தா, அத்தனை பேரும் ஒரு வாரமா அந்தக் காத்தை இழுத்திருப்பாங்க. நமக்கு முத நாளே தெரிய வேண்டியது, தெரியாமலே போயிருக்கும்.”

அதிகாரி தலையைச் சொறிந்தார்.

“இன்னொண்ணு. அவர் கூடப் பொறந்தவரை அவரே அளக்கிற மாதிரி ஷிஃப்ட் போட்டது யாரு?”

அதைப் போட்டது அதிகாரிதான். அவர் பழரசத்தைத் தானே எடுத்துக் குடித்தார்.

ஆய்வாளர் எழுதியதில் அக்கா என்ற சொல் வரவில்லை. ஒரு தொழிலாளியின் அலாரம் பல நாள் மறைக்கப்பட்டது, மேற்பார்வையாளர் தகுதி நீக்கம் செய்யப்பட வேண்டும், உறவினரை உறவினர் அளக்கக் கூடாது, வீட்டில் இப்படிப்பட்ட மருத்துவம் நடந்தால் முன்கூட்டிச் சொல்ல ஆட்களுக்கு வழி இருக்க வேண்டும், சொன்னவருக்கு வேலை போகக் கூடாது. கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை அடித்து எழுதினார். சின்னவர் அண்ணனுக்கு மட்டுமா பயந்து வாயை மூடிக்கொண்டார், கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள் என்ற பயமும் இருந்ததா என்பது அவருக்குத் தெளிவாகவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

பின்தொடர் ஆய்வுக்கு அவர் மறுபடி வந்தபோது குளிர்காலம். உலை ஓடிக்கொண்டிருந்தது, கல்யாண வீட்டுக் கூட்டமெல்லாம் கலைந்து, நடைபாதைகள் வெறிச்சோடிக் கிடந்தன. கருவிகளைச் சரிபார்க்கும் அறையில், ஈயப் பெட்டிகளுக்கு நடுவே பெரியவர் உட்கார்ந்திருந்தார். பதவி இறக்கி அங்கே போட்டிருந்தார்கள். ஆட்களை அளக்கிற வேலை இல்லை, ஆட்களை அளக்கிற கருவிகளை அளக்கிற வேலை. எழுந்து நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பாதி எழுந்தார்.

“உக்காருங்க. வேலை எப்படிப் போகுது?”

“அமைதியா இருக்கு மேடம். இதுங்க கத்தினா நல்லதுன்னு அர்த்தம்.”

ஆய்வாளர் மேசையிலிருந்த கைக்கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. தங்கையைப் பற்றிக் கேட்பது தன் வரம்புக்குள் வராது என்று அவருக்குத் தெரியும். பெரியவரே சொன்னார்.

“அவளுக்கு இப்ப ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம். சின்னவன்தான் சொன்னான். எங்கிட்ட இன்னும் சரியா பேச மாட்டேங்கிறா. போன் பண்ணா எடுக்கிறா. நான் பேசுறதைக் கேட்டுட்டு, ‘சரி, வைக்கட்டுமா’ங்கிறா.”

“தினமும் பண்றீங்களா?”

“ஆமா.” ஒரு கருவியின் முகப்பைத் துணியால் துடைத்தார். “அந்த மாப்பிள்ளை, என் சிநேகிதன், அவன்கிட்ட நான் போய்க் கேட்டேன். அவ சொன்னது நிஜமாடான்னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அப்புறம், இப்ப எதுக்கு அதெல்லாம்னான்.”

ஆய்வாளர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்து, “உங்க தங்கச்சிகிட்ட இதைச் சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“சொன்னேன் மேடம். அன்னைக்குத்தான் அவ போனை வைக்கவே இல்ல. ஒண்ணும் பேசவும் இல்ல. ரொம்ப நேரம் அப்படியே ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்.”

வெளியே யாரோ ஆய்வாளரைத் தேடிக் கூப்பிட்டார்கள். வாசலில் புதிதாக வைத்த மானிட்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே போகிறவர்களையும் இனி அளப்பார்களாம். அவர் பெரியவரிடம் விடைபெற்றுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.